கதிர் பாய்ச்சிய கொய்யாவில் சத்து மிஞ்சியதா எனப் பதில் கோரும் மனு

அனுப்புநர்:
ஜெ. கிருபாநிதி,
தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர்,
சாத்தான்குளம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
கனி பாதுகாப்புச் சோதனைத் திட்டம்,
துறைமுகக் கிளை, தூத்துக்குடி.

பொருள்: கதிர்வீச்சுக்கு உட்படுத்திய கொய்யாப்பழங்களில் வைட்டமின் சி குறைந்ததா எனப் பலமுறை கேட்டும் பதில் தராதது – எழுத்துமூலம் பதில் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஏற்றுமதிக்கான சோதனை என்று சொல்லி, தங்கள் அலுவலர்கள் இந்தப் பருவத்தில் என் தோட்டத்துக் கொய்யாவைக் கூடைகூடையாகப் பறித்துச் சென்றார்கள். துறைமுகக் கிடங்கிலுள்ள இயந்திரத்தில் காமாக் கதிர் பாய்ச்சி, சோதனைக்கு எடுத்தது போக மீதியை என்னிடமே திருப்பித் தந்தார்கள். மரத்துப் பழம் குழைந்து ஈ மொய்த்த பிறகும் அவை கெடாமல் இருந்தன. இதுவரை எனக்குக் குறை ஏதுமில்லை.

2. எங்கள் கிறிஸ்தவச் சபையின் அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவோம். ஏலத்தில் எடுத்ததை நோயாளிக்கோ பிள்ளைத்தாய்ச்சிக்கோ கொடுத்துவிடுவது இங்குள்ள வழக்கம். திரும்பிவந்த பழங்களில் நான் படைத்த கூடையைச் சபையார் போட்டி போட்டு எடுத்தார்கள். கெடாத பழம் என்றால் மேலான பழம் என்று நம்பி, கர்ப்பிணியான என் மனைவி தேவகனியிடமே கொடுத்தார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். மரத்தில் எஞ்சியதை அக்கம்பக்கத்தாருக்கு விட்டுவிட்டு, இதையே அவளுக்குக் கொடுத்துவந்தேன்.

3. தேவகனிக்கு இரத்தம் குறைவு. முந்தைய பிரசவத்தில் குழந்தையை இழந்தோம்; அவள் பிழைத்ததே பெரும்பாடு. இரும்புச்சத்து மாத்திரையுடன் கொய்யா தின்றால், அதிலுள்ள வைட்டமின் சி அந்த இரும்பை உடலில் சேர்க்க உதவும் என்று டாக்டர் இன்பமணி அம்மா சொல்லியிருந்தார். இரண்டையும் தவறாமல் தின்றும் இரத்தம் ஏறவில்லை. பழத்தில் சத்து போயிருந்தால் வேறு பழம் கொடுத்து இங்கேயே பார்க்கலாம், சத்து இருந்தும் ஏறவில்லை என்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது, பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறார் டாக்டர். நிறைமாதக்காரியை வீணாக அவ்வளவு தூரம் குலுக்கிக்கொண்டு போகவும் அவருக்கு மனமில்லை.

4. ஆகவே தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். பழத்தை விரலால் அமுக்கிப் பார்த்திருக்கிறார்கள், நிறம் பார்த்திருக்கிறார்கள், அழுகியதை ஒதுக்கியிருக்கிறார்கள். வைட்டமினை யாரும் அளந்ததாகத் தெரியவில்லை. "பழம் கெடலல்லா சார், பெறவு என்ன?" என்றார் உதவியாளர் அற்புதமணி. சுகாதாரத் துறையைக் கேட்கச் சொன்னார்கள். அங்கே போனால், கதிர் பாய்ச்சியவர்களைக் கேட்கச் சொன்னார்கள். மறுமுறை வந்தபோது மேலாளர் சாப்பிடப் போயிருந்தார். அதற்கடுத்த முறையும் சாப்பிடத்தான் போயிருந்தார். கேள்வியே காதில் விழாததுபோல் உட்கார்ந்திருக்கும் மாணவனை நான் பெஞ்சில் ஏற்றுவேன். ஓர் அலுவலகத்தை எதில் ஏற்றுவது?

5. வெறுங்கையுடன் திரும்பிய என்னிடம் தேவகனி, "அழுகாம இருக்கது சரிங்க. சத்து இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்ல அவுகளுக்கு என்ன கஷ்டம்?" என்றாள். ஆத்திரமாக இருக்கிறது, ஐயா. பயமாகவும் இருக்கிறது.

6. பழம்தான் காரணம் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. காரணமா இல்லையா என்றுதான் கேட்கிறேன். கதிர் பட்ட கொய்யாவில் வைட்டமின் சி குறைகிறதா, குறைந்தால் ஏறத்தாழ எவ்வளவு என்று தெரிவிக்க வேண்டுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முன்பே பிரசவம் ஆகிவிடலாம் என்பதால், "பரிசீலனையில் உள்ளது" என்ற பதில் எங்களுக்கு உதவாது. அளந்திருந்தால் அளவைச் சொல்லுங்கள். அளக்கவில்லை என்றால், தெரியாது என்றே எழுதிக் கையொப்பமிட்டுத் தாருங்கள். இனிக் காத்திருப்பதில் பயனில்லை என்று அன்றே வண்டி பிடித்து அவளைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்விடுவேன்.

இடம்: சாத்தான்குளம்
நாள்: 9.12.1976

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ஜெ. கிருபாநிதி