பல்பு இழுத்த கோடு

புதன், இரவு.

மைக்ராஸ்கோப்பில் ஒளிரும் செல்களைப் படம் எடுத்தால் கலங்கலாகத்தான் வரும். அதனால் முதலில் கண்ணுக்கே தெரியாத அளவு சின்ன ஒளிரும் மணி ஒன்றைப் படம் எடுப்போம். அந்தப் புள்ளி எப்படிப் பரவுகிறது என்று தெரிந்தால், கம்ப்யூட்டர் அந்தக் கலங்கலைச் செல் படத்திலிருந்து நீக்கிவிடும். டீகான்வல்யூஷன், என் தினசரிப் பிழைப்பு.

இன்று சாயங்காலம் அதையே அம்மாவின் பழைய தீபாவளி போட்டோவில் செய்தேன். அப்பா எடுத்தது. பட்டாசுக் கம்பெனியில் கை வெந்ததிலிருந்து அவருக்கு விரல் நடுங்கும். பின்னால் தொங்கிய சீரியல் பல்பு ஒன்று புள்ளியாக விழாமல் வளைந்த கோடாக இழுபட்டிருந்தது. ஒளிரும் மணிக்குப் பதில் அதையே வைத்துக்கொண்டேன்.

அம்மா முகம் மூக்குத்தியோடு தெளிந்து வந்தது. ஓடிப்போய்க் காட்டினேன்.

"ஏலே, இது ஒங்கப்பா எடுத்த மாதிரியே இல்லையே. அவுக கை ஆடாம எடுத்ததே கெடையாதே," என்றாள்.

இதற்கா இம்புட்டு நேரம் உட்கார்ந்தேன் என்று எரிச்சலாக வந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது பழைய படத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் படம் எதிலும் அப்பா இல்லை. இருந்தவரை எப்போதும் அவர்தான் எடுப்பார். அந்தப் பல்பின் கோட்டில் விரலை வைத்து, அது வளைகிற வழியெல்லாம் மெதுவாகப் போய்ப் பார்த்தேன். அவர் கை போன வழி.