அப்பாவின் துண்டைக் கட்டி மலை ஏறிய மகனுக்கு

நாச்சியாபுரம்
வைகாசி 18

அன்பு மகன் தேவாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா அகல்யாவும் அவள் பிள்ளைகளும் உசிரோடு இருக்கிறோம், அங்கே நீ கை கால் முழுசாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். போனில் பேசினால் நீ சிரித்துச் சிரித்தே என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் பேனா எடுத்தேன். ஐந்தாவது படித்தவள் எழுத்து, தப்பு இருந்தால் கூட்டிப் படித்துக்கொள். அகல்யா இதைப் படம் பிடித்து அனுப்புவாள், ஒரு வரி விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

முந்தாநாள் நீ அனுப்பிய போட்டோவை அவள் காட்டினாள். ஸ்காட்லாந்தில் மலை உச்சியாம், அரிவாளை நிமிர்த்தி வைத்த மாதிரி பாறை, இந்தப் பக்கமும் பள்ளம் அந்தப் பக்கமும் பள்ளம், நடுவில் நீ தொத்திக்கொண்டு பல்லைக் காட்டுகிறாய். காலையில் ஏறி சாயங்காலம் இறங்கிட்டேன், கயிறுகூட வேணாம், கையும் காலும் போதும் என்று எழுதி, அடுத்த மாசம் இதைவிடப் பெரிசு ஒன்று ஏறப் போகிறேன் என்றும் எழுதி, சிரிக்கிற மூஞ்சி ஒன்று வேறு போட்டிருந்தாய். அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் அடுப்பில் இருந்த குழம்பு தீய்ந்துபோனது. கயிறு வேணாமாம். உன் அப்பாவும் அதைத்தான் சொன்னார், முப்பது வருசமா ஓடு மாத்துறேன், எனக்கு எதுக்குடி கயிறு என்று. புரட்டாசியில் மழைக்கு முன்னால் ஓடு மாற்றப் பெரிய வீட்டுக்குப் போன மனுஷனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து நடுவீட்டில் போட்டார்கள். அவர் காலமெல்லாம் கூரை ஏறியது உன்னை நர்ஸ் படிப்பு படிக்க வைக்க. நீ எதுக்கு ஏறினாய்? எலும்பு முறிந்து வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுகிற வேலைதானே உனக்கு, அவர்களைப் பார்த்துமா புத்தி வரவில்லை?

அப்பா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புகிற வரை யாரும் மலை ஏறக் கூடாது. கருமாதி அன்று உன் சித்தப்பா வயிரவன் உன்னை உட்கார வைத்துச் சொன்னாரே, நீயும் தலையாட்டினாயே. பங்குனி உத்திரத்துக்குத் தெருவே குன்றக்குடிக்குப் போனது, நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு வருஷம் தவறாமல் உன் அப்பாவோடு ஏறின மலை அது. முருகன் மலைக்கே நான் போகவில்லை, நீ பேர் தெரியாத மலையில் போய் நிற்கிறாய். அதெல்லாம் கோயில் மலைக்குத்தான்க்கா, இங்க கிடையாது என்று அகல்யாவிடம் சொன்னாயாமே. ஏன்டா, அங்கே மட்டும் அப்பா சாகாமல் இருக்கிறாரா?

அதோடு போனதா. அகல்யா விரலை வைத்துப் படத்தைப் பெரிசாக்கியபோதுதான் பார்த்தேன், உன் தலையில் இருப்பது அப்பாவின் பச்சைக்கரைத் துண்டு. ஓரத்தில் சுண்ணாம்பு பட்டு வெந்த ஓட்டை அப்படியே தெரிகிறது. எட்டு மாசமாக அதைத் தேடாத இடமில்லை. கருமாதி முடிந்து வீட்டை ஒதுக்கிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு சீதைதான் பழைய துணியோடு சுருட்டிப் போய்விட்டாள் என்று குழாயடியில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவள் என் வாசலை மிதிக்கவில்லை. நேற்று போனை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றேன். எட்டு மாசமா என்னையக் களவாணி ஆக்கிட்டீக, இப்ப ஒங்க மகன் எடுத்தா அது பாசமாக்கும், நல்லா இருக்குக்கா ஒங்க நாயம் என்றாள். பிறகு அவளே போனை வாங்கிப் பார்த்துவிட்டு, அண்ணே கட்டுறாப்லயே கட்டியிருக்கான், முடிச்சப் பாருங்க, வலப்பக்கம் என்றாள். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

சொல்லாமல் ஏன் எடுத்தாய்? கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன், அதுவும் நிஜம்தான். உனக்கு ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. தலையில் துண்டை இறுக்கிக் கட்டாமல் அவர் ஒரு நாளும் கூரை ஏறியதில்லை. விழுந்த அன்று காலையில் வேர்வை நாற்றம் அடிக்கிறது என்று நான்தான் அதைப் பிடுங்கித் துவைத்துக் கொடியில் போட்டேன். காயட்டும், இருந்து கட்டிக்கிட்டுப் போறேன் என்றார். நேரமாச்சு கெளம்புங்க, ஒரு நாளைக்கு இல்லாட்டி என்ன என்று அனுப்பி வைத்ததும் நான்தான். புரட்டாசி வெயில், வெறுந்தலை. கண்ணக் கட்டுதுன்னு சொல்லிக்கிட்டே சரிஞ்சாக என்று கூட வேலை பார்த்த செல்வம் சொன்னான்.

இனி நீ ஏறக் கூடாது, அடுத்த மாசமும் இல்லை அதற்கடுத்த மாசமும் இல்லை. பல்பு மாற்ற ஸ்டூல் மேல்கூட ஏறாதே. புரட்டாசியில் வருஷத் திதிக்கு லீவு போட்டு வந்து சேர். அது முடிந்ததும் நாம் இரண்டு பேரும் குன்றக்குடி ஏறுவோம், அங்கே படி இருக்கிறது, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. வந்த அன்றைக்கே சீதை வீட்டுக்குப் போய் நான்தான் எடுத்தேன் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. அந்த முருகன் உன்னை நூறு வயசு வைக்கட்டும், என் கோபம் இன்னும் தீரவில்லை. வரும்போது மறக்காமல் துண்டைக் கொண்டு வா. எவ்வளவு அழுக்காக இருந்தாலும் துவைத்துவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா
சி. அக்கம்மாள்