பெரியவரின் பெயரை முன்னுக்குப் போட்டவன்

இன்று எங்கள் கந்தோர் வேறு மாடிக்கு மாறுகிறது. மேசையின் அடி லாச்சியைத் துப்புரவாக்கியபோது உமது விண்ணப்பத்தின் முதற்படி அகப்பட்டது. மூலையில் கோப்பிக் கறை. ஊற்றியது நான்தான், அன்றைக்கு உம்மைச் சாட்டினேன்.

நீர் சிறுநீரக டொக்டர். நான் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் படிவம் பார்க்கும் கிளாக்கர். இளம் மருத்துவர்கள் சொந்தக்காலில் நிற்கும் ஆராய்ச்சியாளராக வரவென்று ஒரு நிதி. கிடைத்தால் கிழமையில் நாலு நாள் ஆராய்ச்சி, ஒருநாள் நோயாளர். கிடைக்காவிட்டால் ஐந்து நாளும் கிளினிக். வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களுக்குள் கேட்டுவிட வேண்டும். உமக்கு அது கடைசித் தவணை.

இந்த வெளிநாட்டு உணவகக் குசினிகளில் வெந்துகொண்டு நிற்கும் எங்கள் தமிழ் ஆட்களுக்கு ஏன் இத்தனை சிறுநீரகக் கல்? அவர்களோடு கதைத்துக் கதைத்து நீரே பிடித்த கேள்வி. முதல் வரியிலேயே எழுதியிருந்தீர்: ‘இந்தக் கேள்வியை முதலில் கேட்டவள் நான்.’

எனக்குப் பொறுக்கவில்லை.

“என்ன பிள்ளை, பெரிய டொக்டர் இருக்கேக்க இப்பிடி எழுதலாமோ? மனுசன் கோவிக்கும்.”

“அண்ணை, அவர் இதை வாசிக்கவே மாட்டார்.”

“வாசிக்காட்டியும் மரியாதை எண்டு ஒண்டு இருக்கெல்லோ!”

“சரி, ஏதோ செய்யுங்கோ. பிள்ளை பாக்கிற கார்தெரியைப் பூட்டப்போறாங்கள், நான் மகளைக் கூட்டிவர வேணும்.”

நீர் ஓடினீர். நான் சிவப்புப் பேனையால் அந்த வரியை வெட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் தலைமை மருத்துவரின் பெயரை முன்னுக்கும் உமது பெயரைப் பின்னுக்கும் போட்டேன். கோயில் திருவிழா நோட்டீஸ் எழுதிப் பழகிய கை.

நிதிக்குழுவின் மறுமொழி சுருக்கமாக வந்தது. நல்ல ஆராய்ச்சி, ஆனால் அது தலைமை மருத்துவருடையது, விண்ணப்பித்தவர் தனித்து நிற்பவராகத் தெரியவில்லை.

ஏச்சுக்குக் காத்திருந்தேன். நீர் சிரித்தீர். “அண்ணை, என்னை நல்ல மருமகளாக்கிப் போட்டியள்.” பேந்து அதைப்பற்றி ஒருநாளும் கதைக்கவில்லை. ஐந்து நாளும் கிளினிக். பிறகு உமக்கே வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தீர். கேள்வி கேள்வியாகவே கிடந்தது. போன மாரியில் உமது செத்தவீட்டிலும், விண்ணப்பத்துக்கு உதவினவன் நான் என்று நாலுபேருக்குச் சொன்னேன். வெட்கம் கெட்டவன்.

இப்போது எந்தப் படிவத்திலாவது பெரியவரின் பெயர் முன்னுக்கு நின்றால், “கேள்வி ஆற்றை, ஆர் முதலில கேட்டது?” என்று கேட்கிறேன். சிலர் கோவிக்கிறார்கள். கோவிக்கட்டும்.

மற்றதெல்லாம் பெட்டியில் போய்விட்டது. உமது முதற்படியை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டு மெத்ரோவில் வீட்டுக்குப் போகிறேன். என் சிவப்புக் கோட்டுக்குக் கீழே அந்த வரியை இன்னும் வாசிக்கலாம்.