நிஹாலின் பெயர்க்கல் பஸ் தரிப்பிடத்திலேயே இருக்கட்டும்

அனுப்புநர்:
ம. ஜோசப்பின்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வஹகோட்டை.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
பிரதேச சபை,
மாத்தளை மாவட்டம்.

விடயம்: கறுவாத்தோட்டச் சந்தி பஸ் தரிப்பிடத்தில் கழற்றப்பட்ட கோப்ரல் நிஹால் ஜயசுந்தரவின் பெயர்க்கல்லை அங்கேயே மீண்டும் பதித்தல்.

மதிப்புக்குரிய ஐயா,

"உள்ளே இடம் இருக்குதானே, டீச்சர் ஏன் மழையில நிக்கிறீங்க?" 2001ஆம் ஆண்டு அந்தச் சந்தியில் குசுமாவதி அம்மா என்னிடம் கேட்டார். வடக்கில் போரில் இறந்த மகன் நிஹாலின் நினைவாக, அவரது குடும்பம் தங்கள் காணியில் கட்டிய தரிப்பிடம் அது. சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றே பழகிய எனக்கு, ஒரு படைவீரரின் பெயருக்குக் கீழே உட்காரலாமா என்று தெரியவில்லை. கல்லறைமேல் உட்காருவது போலவும் இருந்தது. ஆகவே அதுவரை ஒரு வருடமாகக் குடையோடு வெளியிலேயே நின்றிருந்தேன்.

அம்மா சிரித்துவிட்டார். மழைக்கு ஒதுங்குகிற ஒவ்வொருவரும் மகனுக்குப் புண்ணியம் சேர்த்துவிட்டுப் போகிறார்கள், அதற்காகத்தான் கட்டினோம் என்றார். அன்று உட்கார்ந்தேன், ஓய்வுபெறும்வரை பதினாறு வருடங்கள் உட்கார்ந்தேன். போரைப் பற்றி அவரும் நானும் ஒரே மாதிரி நினைத்ததில்லை. நிஹாலை நான் பார்த்ததும் இல்லை. ஆனாலும் என்னை நனையாமல் வீட்டுக்கு அனுப்பியவர் அவர். நவம்பரில் எங்கள் கோவிலில் மரித்தவர்களுக்காக மன்றாடும்போது அவருடைய பெயரையும் சொல்கிறேன்.

சென்ற மாதம் தாங்கள் கட்டித் தந்த புதிய தரிப்பிடம் நன்றாக இருக்கிறது. கூரை ஒழுகவில்லை; அதற்கு எங்கள் நன்றி. குறை ஒன்றுதான். பழைய சுவரிலிருந்து கழற்றிய பெயர்க்கல்லைச் சபை வளவில் மேடை கட்டி, சங்கிலி போட்டு, மரியாதையாக வைக்கப்போவதாக அம்மாவுக்குச் சபையிலிருந்து கடிதம் வந்துள்ளது. நல்லெண்ணத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அலுமாரியில் பூட்டிய புத்தகம் கசங்காது, யாரும் படிப்பதும் இல்லை.

சந்தியில் படிக்கிறார்கள். உதாரணத்துக்கு, துணி மூட்டையோடு வரும் மக்கீன் நானா, இறந்தபோது நிஹாலுக்கு வயது இருபத்திரண்டு என்று கல்லைப் பார்க்காமலே சொல்வார். தோட்டத்திலிருந்து கிளினிக்குக்கு வரும் ரஜிதா, குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு எழும்பும்போது கல்லைத் தொட்டுக் கும்பிடுவாள். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல.

குசுமாவதி அம்மாவுக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. சபை வளவுக்கு இரண்டு பஸ் ஏற அவரால் முடியாது. சந்திக்கு வீட்டிலிருந்து முப்பது அடிதான். இன்றைக்கும் காலையில் தும்புத்தடியோடு வந்து கூட்டுகிறார். கூட்டி முடித்ததும் கல்லைத் துடைக்கும் பழக்கம். இப்போது ஈரத்துணியோடு வெறும் சுவரின் முன் நிற்கிறார். மேடை எழும்பிவிட்டால் மகனின் பெயரை அவர் இனிப் பார்க்கமாட்டார்.

எனவே, மேடை வேலையை நிறுத்தி, கல்லைப் புதிய தரிப்பிடத்தில், இருக்கைக்கு மேலே, சங்கிலி இல்லாமல் பதித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அம்மாவின் சிங்களக் கடிதத்தையும் பயணிகள் நாற்பத்தொரு பேரின் கையொப்பத்தையும் இணைத்துள்ளேன்.

முடிவெடுக்கும் முன், ஒரு நாள் ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்தச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்திருந்து பாருங்கள்.

இடம்: வஹகோட்டை
திகதி: 2025.10.14

தங்கள் பதிலை நம்பியிருக்கும்,
ம. ஜோசப்பின்