உன் பழைய சூட்கேஸில் கட்டிய கரண்ட்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பும் மனசும் தெம்பாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் இந்தத் தடவை என் சுகத்தை மட்டும்தான் எழுத முடிகிறது. போனில் சொல்லாமல் எதற்குக் காகிதம் என்று கேட்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், அது அப்பாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது, நான் அதை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் நின்று முணுமுணுத்தாலும் அவருக்குக் கேட்டுவிடும். லாரிகளுக்கு பெயின்ட் அடித்து அடித்து அவருக்கு மூச்சுதான் கெட்டுப்போனதே தவிர காது இன்னும் பாம்புச் செவிதான்.

ஆமாம்ப்பா, நுரையீரல் கெட்டுவிட்டது. போன மழைக்காலத்திலிருந்து கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது, மூக்கில் குழாய். உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். 'இப்பதான் வேலைல சேர்ந்திருக்கான், கேட்டா போட்டது போட்டபடி ஓடி வந்துடுவான், அப்புறம் அந்த வேலையும் போயிடும்' என்றார். நீ வீடியோவில் கூப்பிட்டால் குழாயைக் கழற்றித் தலையணைக்குள் ஒளித்துவிட்டு, காலரை இழுத்துவிட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி சிரிப்பார். நாலு வார்த்தை பேசுவதற்குள் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாரே, அப்பாவுக்கு என்மேல் என்ன கோபம் என்று நீ என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாய். கோபமில்லை, நாலு வார்த்தைக்குத்தான் அவரிடம் காற்று இருந்தது.

இந்தத் தெருவில் கரண்ட் வருவதும் போவதும் அதன் இஷ்டம், மெஷினோ அது நின்றால் தானும் நின்றுவிடும். கடையில் விற்கும் பேட்டரி செட் நமக்கு எட்டாது. மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் இத்தனை வருஷம் முதுகொடியக் குனிந்தவள், இதைக் கட்ட மாட்டேனா என்று நானே இறங்கிவிட்டேன். பழைய சாமான் கடையில் அடிபட்ட மின்சார ஸ்கூட்டர் ஒன்றின் பேட்டரி கிடந்தது, வாங்கி வந்து பிரித்து ஒவ்வொரு செல்லுக்கும் சார்ஜ் ஏற்றிச் சில நாள் சும்மா விட்டு மீட்டர் வைத்துப் பார்த்தேன். தானாக இறங்கிப்போனது, சூடானது எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நல்லதை மட்டும் கோத்தேன். கட்டிலில் இருந்தபடியே அப்பா, 'நீ பொறுக்கறதைப் பார்த்தா, காய்கறிக்காரன் உன்னைக் கண்டாலே ஏன் தலைதெறிக்க ஓடறான்னு இப்பதான் புரியுது' என்றார். ஒன்றோடொன்று உரசினால் நெருப்புப் பிடிக்கும் என்று நடுவில் தடுப்பு வைத்து, ஃபியூஸ் போட்டு, இன்வெர்ட்டரையும் சேர்த்து, எல்லாவற்றையும் எதில் அடைப்பது என்று தேடியபோது பரண்மேல் நீ காலேஜுக்கு இழுத்துக்கொண்டு போன சூட்கேஸ் இருந்தது. காற்றுப் போக ஓட்டை போட்டு அதில் வைத்துவிட்டேன், சக்கரம் இருப்பதால் எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் போகலாம். முதல் தடவை தெருவே இருட்டிக் கிடக்க மெஷின் மட்டும் ஓடியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு சினிமா ஓடும் நேரம் தாங்கும்.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாடி வீட்டுக்காரி அடுத்த கரண்ட் கட்டிலேயே இஸ்திரிப் பெட்டியோடு வந்து நின்றாள், அவசரமாக ஒரே ஒரு புடவையாம். எனக்கு வந்த கோபத்தில், 'இந்தப் பெட்டில மெஷினைத் தவிர ஒரு குண்டூசியைக்கூடச் சொருகக் கூடாது, சொருகினா அந்த மனுஷன் உசுருதான் இறங்கும்' என்று கத்திவிட்டேன். அவளுக்குச் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

நீ கூப்பிடும் ஞாயிற்றுக்கிழமை அது. மாத்திரை வாங்க நான் வெளியே போயிருந்தேன், கரண்ட் போய்விட்டது, போனில் சார்ஜ் இல்லை. 'அவன் கூப்பிடற நேரத்துல போன் செத்துக் கிடந்தா பயந்துடுவானே' என்று நினைத்திருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் போட்டால் பெட்டி காலியாகிவிடும் என்று மெஷினைப் பிடுங்கிவிட்டு போனைச் சொருகியிருக்கிறார். பக்கத்திலேயே இன்னொரு பாயின்ட் காலியாக இருந்ததப்பா. ஒரு போன் எவ்வளவு குடிக்கும், குடத்திலிருந்து ஒரு சொட்டு, அதை நான் அவருக்குச் சொல்லித் தரவேயில்லை. நான் வந்து பார்த்தபோது உதடு மை பூசியது போல இருந்தது, கண் செருகியிருந்தது, நெஞ்சின்மேல் போன், முழுசாகச் சார்ஜ் ஏறி. அன்றைக்கு உன்னால் கூப்பிட முடியவில்லை. உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை, திடீரென்று உன் வேலை நேரத்தை மாற்றினால் நீ என்ன செய்வாய்.

ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். இப்போது அவரால் பாத்ரூம் வரைகூட நடக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே தூங்குகிறார். போனையும் மெஷினையும் ஒன்றாகச் சொருகி, பார், இரண்டும் ஓடுகிறது என்று காட்டினேன், தலையை ஆட்டினார். ஆனால் நேற்றுக் கரண்ட் போனதும் அவர் கை மெதுவாக மெஷின் பிளக் பக்கம் போனதை நான் பார்த்தேன். என் பேச்சை நம்பவில்லை, அவரைச் சமாதானப்படுத்தச் சொல்கிறேன் என்று நினைக்கிறார். கடைக்குப் போகக்கூட எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

வா என்று எழுதவும் கை வரவில்லை, வராதே என்று எழுதவும் கை வரவில்லை, நீயே யோசித்துக்கொள். குளிரில் வெறும் தலையோடு அலையாதே, கோபத்தில் வேலையை விட்டுவிடாதே. நீ நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அடுத்த தடவை அவர் முகம் தெரிந்ததும், 'அம்மா எல்லாம் சொல்லிட்டாங்க, குழாயை மாட்டிக்கங்கப்பா' என்று சொல். என்னைத் திட்டுவார், திட்டட்டும். மாட்டும் வரைக்கும் நீ ஒரு வார்த்தை பேசாதே, அப்புறம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு. பெட்டி தாங்கும்.

சத்தியத்தை மீறிய
உன் அம்மா