பக்கத்துப் பலகை

டிமாரு, நியூசிலாந்து
9.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

மலர் எழுதுவது. நான் சுகம். நீங்களும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் போனில் பேசினால் அத்தையும் பக்கத்திலிருந்து கேட்பார்கள். அதனால் இதைக் கடிதமாகவே டைப் செய்து மெயிலில் அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

என் புருவத்தின் மேல் இருக்கும் தையல் தழும்பு, பாத்ரூமில் வழுக்கி விழுந்து வந்ததல்ல. பொய் சொல்லிவிட்டேன். துப்பாக்கியின் மேல் ஸ்கோப் என்று ஒரு குழல் பொருத்தியிருப்பார்கள். தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும். அது இடித்து வந்த காயம்.

என்னோடு ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்யும் ஹெலன் சனிக்கிழமைகளில் ரைபிள் கிளப்புக்குப் போவாள். அங்கே ஆடு மாடு எதையும் சுடுவதில்லை. அறுநூறு கெஜத்துக்கு அப்பால் வரிசையாகப் பலகைகள் நிற்கும். குப்புறப் படுத்து, துப்பாக்கியை மணல் மூட்டைமேல் வைத்து, நம் பலகையின் நடுவட்டத்தைச் சுட வேண்டும். ஒரு நாள் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். என்னையும் படுக்க வைத்தாள். குழலில் ஒரே கறுப்பு. கிட்டே போனால் தெரியும் என்று முகத்தைக் கொண்டுபோய் ஒட்டினேன். சுட்டதும் பின்னால் உதைத்துப் புருவத்தைக் கிழித்துவிட்டது. மூன்று தையல்.

உங்கள் தம்பி சுபாஷைப் பறிகொடுத்த வீட்டில், துப்பாக்கி என்ற சொல்லையே யாரும் எடுக்காத வீட்டில், இதை எப்படிச் சொல்வேன்? இவ்வளவுக்கும் பிறகு, தையல் பிரித்த வாரமே மறுபடியும் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே விளங்கவில்லை.

திட்டுங்கள் மாமா. பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள்
மலர்


கச்சிராயபாளையம்
14.3.2025

மலருக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஒன்றும் புரியவில்லை. உன்னை யாரோ அடித்துவிட்டார்கள் என்றுதான் இத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். அதுவாவது புரிந்திருக்கும்.

மோட்டார் போடப் போன என் தம்பியை, இரண்டு வருஷத்துக்கு முன்னால், மார்கழி விடியலில், பக்கத்துக் கொல்லை அய்யப்பன் நாட்டுத் துப்பாக்கியால் சுட்டான். கரும்பில் பன்றி என்று நினைத்தேன் என்கிறான். வரப்புத் தகராறில் வேண்டுமென்றே சுட்டான் என்று நாம் வழக்கு நடத்துகிறோம். வருகிற ஏப்ரல் 22ஆம் தேதி கள்ளக்குறிச்சி கோர்ட்டில் எனக்குச் சாட்சி. இந்த நேரத்தில் நீ அங்கே படுத்துக்கொண்டு சுட்டுப் பழகுகிறாய்!

வீடியோ காலில் உன் முகத்தைப் பார்த்த அம்மா நேற்று கேட்டார்: "வழுக்கி வுழுந்தவளுக்கு எப்பிட்றா வளைஞ்ச மாதிரி காயம்? இன்னாவோ மறைக்கிறீங்க." ஒன்றுமில்லை என்றேன். உனக்காக நானும் பொய் சொன்னேன்.

அந்தக் குழல் எல்லாவற்றையும் கிட்டே காட்டுகிறது என்றால் அப்புறம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? இந்தியாவுக்கு நீ திரும்பி வருவதாக இருக்கிறாயா, இல்லையா? இரண்டையும் ஒன்றாகக் கேட்பது சரியா என்றுகூடத் தெரியவில்லை.

இளஞ்செழியன்


டிமாரு
23.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கோபம் நியாயம். பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டதுதான் வலித்தது.

குழல் கிட்டே காட்டும், சரிதான். ஆனால் கண்ணை மூன்று விரல் தள்ளி வைத்தால்தான் முழு வட்டமும் தெரியும். தெரிந்தாலும், தலையைக் கொஞ்சம் அசைத்தால் உள்ளே இருக்கும் கூட்டல் குறி பலகைமேல் நகர்கிறது. அதைச் சரிசெய்யப் பக்கத்தில் ஒரு திருகு. மேலே இன்னொரு திருகு. அதை ஒரு 'டிக்' திருப்பினால் அறுநூறு கெஜத்தில் குண்டு ஒன்றரை அங்குலம் தள்ளிப் போகும். காற்று அடித்தால் இன்னும் தள்ளிப் போகும். காற்று எந்தப் பக்கம் என்று கானல் ஓடுவதைப் பார்த்துச் சொல்கிறார்கள். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் ஓடுகிறது. இடப்பக்கம் திருப்பச் சொன்னால் வலப்பக்கம் திருப்பிவிட்டு முழிக்கிறேன்.

ஏன் போகிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு வீட்டிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டவள் நான். இங்கே வார்டில் ஒரு தட்டு கீழே விழுந்தாலும் குனிந்து உட்கார்ந்துவிடுவேன். கிளப்பில் காதை மூடி, மூச்சைப் பாதியில் நிறுத்தி, விசையை நானே அழுத்தும்போது, சத்தம் எப்போது வரும் என்று எனக்குத் தெரிகிறது. அதனாலோ என்னவோ.

திரும்பி வருவேனா என்று கேட்டீர்கள். வரத்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த வீட்டில் நாம் மூன்று பேரும் பேசாமல் சாப்பிட்டோமே மாமா, அதற்கா என்று தெரியவில்லை.

உங்கள்
மலர்


கச்சிராயபாளையம்
30.3.2025

அன்புள்ள மலருக்கு,

தட்டு விழுவது பற்றி நீ எனக்குச் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

இங்கே கரும்பு வெட்டு முடிந்தது. அம்மாவுக்கு முட்டிவலி ஜாஸ்தி. சர்க்கார் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தேன். "போலீஸ்ல சொன்னதயே அப்பிடியே சொல்லுங்க. விடிஞ்சிடுச்சி, ஆள் தெரியிற வெளிச்சம். அது போதும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

இப்போது இதெல்லாம் உனக்குத் தெரியும் என்பதால் கேட்கிறேன். நாற்பது அடி தூரம். அறுநூறு கெஜம் இல்லை. நாற்பது அடியில் நிற்பவன் மனுஷனா பன்றியா என்று ஒருவனுக்குத் தெரியாமல் போகுமா? தெரியும் என்று எழுது. அது போதும் எனக்கு.

உன்
செழியன்


டிமாரு
6.4.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் கேட்டதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேற்று ஒன்று நடந்துவிட்டது.

எனக்கு ஆறாம் எண் பலகை. காற்று இல்லை, கானல் இல்லை, கண்ணாடி போலத் தெரிந்தது. நிதானமாகச் சுட்டேன். பட்டால், அங்கே பள்ளத்துக்குள் இருப்பவர்கள் பலகையைக் கீழே இறக்கி, பட்ட இடத்தில் அடையாளம் வைத்து மறுபடி ஏற்றுவார்கள். என் பலகை இறங்கவில்லை. ஏழாம் எண் இறங்கி ஏறியது. சரியாக நடுவட்டத்தில் அடையாளம். பக்கத்தில் படுத்திருந்தவர் இன்னும் சுடவேயில்லை. நான்தான் அவருடைய பலகையைச் சுட்டிருக்கிறேன். எனக்குப் பூஜ்யம்.

எல்லோரும் சிரித்தார்கள், அடிக்கடி நடப்பதுதானாம். நான் துப்பாக்கியை மூட்டைமேலேயே விட்டுவிட்டு எழுந்தேன். ஆறு என்ற எண்ணைப் பார்த்தேன் என்று அத்தை தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருப்பேன். பார்க்க நினைத்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

அய்யப்பன் நல்லவன் என்று நான் சொல்லவில்லை. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, என்னவென்று தெரியாததைச் சுட்டான். அதற்கு அவன் உள்ளே போகத்தான் வேண்டும். ஆனால் சுபாஷ் என்று தெரிந்தா சுட்டான்? எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். அன்றைக்கு ஆளைக் கூப்பிட நீங்கள் வீட்டுக்கு ஓடி வந்தபோது கையில் போன் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. ஆள் தெரியும் வெளிச்சம் என்றால் அது எதற்கு மாமா?

கோபப்படாதீர்கள்.

உங்கள்
மலர்


டிமாரு
20.4.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இரண்டு வாரமாகப் பதில் இல்லை. போனிலும் மழை, கரெண்டு என்று மட்டும் பேசுகிறீர்கள். நான் கேட்டிருக்கக் கூடாதோ? நாளை மறுநாள் நீங்கள் எதைச் சொன்னாலும் நான் உங்கள் பக்கம்தான். இரண்டு சனிக்கிழமையாகக் கிளப்புக்குப் போகவில்லை.

மலர்


கச்சிராயபாளையம்
23.4.2025

அன்புள்ள மலருக்கு,

நேற்று கோர்ட்டில் சொன்னதை முதலில் உனக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அன்றைக்கு ஒரே பனி. வேட்டுச் சத்தம் கேட்டு டார்ச்சோடு வரப்புக்கு ஓடினேன். கரும்புச் சாலில் கறுப்பாக ஏதோ புரண்டது. எதிர் வரப்பிலிருந்து அய்யப்பன் கத்தினான்: "பன்னி சாஞ்சிடுச்சி செழியா! கிட்ட போவாத, அடிபட்ட பன்னி, கிழிச்சிடும்!" நான் நின்றுவிட்டேன். நானும் பன்றி என்றுதான் நினைத்தேன், மலர். பத்து நிமிஷம் இருக்கும். அது அடங்கட்டும் என்று இரண்டு பேரும் ஆளுக்கொரு வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம்தான் "அண்ணா" என்று கேட்டது.

அவன் கத்தியதைப் போலீஸில் சொன்னால் நான் நின்றதையும் சொல்ல வேண்டும். அதனால் வெளிச்சம் இருந்தது என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே வெளிச்சம் இருந்தது போல ஆகிவிட்டது. உன் டார்ச் கேள்வியைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வக்கீல் என் முகத்தைப் பார்க்காமல் பேப்பரைக் கட்டினார். வழக்கு என்ன ஆகும், பொய் வாக்குமூலத்துக்கு எனக்கு என்ன ஆகும், ஒன்றும் தெரியவில்லை. அய்யப்பன் அழுதான். அவனை மன்னித்துவிட்டேனா என்றும் தெரியவில்லை.

அம்மா பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கச்சிராயபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நின்று கேட்டார்.

"நீ கிட்ட போனப்ப பேசனானா?"

"பேசனான்மா. தண்ணி கேட்டான்."

"குடுத்தியா?"

"குடுத்தேன்மா."

ரொம்ப நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயிலில் அப்படியே நின்றோம். பிறகு, "இதெ எல்லாம் நெஞ்சில வெச்சிக்கினா அந்தப் பொண்ணு கூட குடும்பம் பண்ணிக்கினு இருந்த? அவளுக்குத் தெரியுமா?" என்றார்.

"இன்னும் தெரியாதும்மா."

"வூட்டுக்குப் போய் மொதல்ல அவளுக்கு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன்.

உன்
செழியன்