வேலியில் கரண்ட் வேண்டாம் நைனா

நைனாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அமெரிக்காவில் நான் சுகம். பனியில் வழுக்கிக் கை லேசாகச் சுளுக்கிக்கொண்டது, அவ்வளவுதான். இங்கே புத்தூர்க் கட்டுப் போட ஆளில்லை.

"மாங்கன்னையெல்லாம் மான் துன்னுக்கினு போவுது, வேலியில கரண்ட் வுடப்போறேன்" என்று போனில் சொன்னீர்களே, அப்போதிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. கத்தினால் போனை வைத்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

காணும் பொங்கலன்று நாய்களோடு மலையேறிப் பாரிவேட்டை ஆடியது யார்? அதற்குப் பயந்துதானே மான்கள் நம் தோப்புக்கு இறங்கின? இங்கே என் வேலைக்காக நான் கணக்கெடுக்கிற, கழுதை போல நீண்ட காதுள்ள மான்களும் அப்படித்தான். வேட்டைக்காலம் வந்தால் நல்ல புல்லை விட்டுவிட்டு, யாரும் சுடக்கூடாத வீட்டுத் தோட்டங்களில் ஒண்டுகின்றன. விரட்டியதும் நீங்கள், வந்து ஒண்டினால் கொல்வதும் நீங்களா?

இங்கே வருகிறவர்கள் யாரிடமாவது அந்தப் புத்தூர் எண்ணெய் ஒரு பாட்டில் கொடுத்தனுப்புங்கள். வண்டி வந்துவிட்டது, கிளம்புகிறேன். அம்மா தினமும் மாடு ஓட்டிப் போவது அந்த வேலியை ஒட்டித்தான்.

துர்கா